பொய்க்கிடா பிடித்தவள்

பொட்டல் காட்டில் தூரம் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. மரம் இருந்தால் மரத்தை வைத்துச் சொல்லலாம், வீடு இருந்தால் வீட்டை வைத்துச் சொல்லலாம். அமெரிக்காவின் கிழக்கு வயோமிங்கில் இருப்பதெல்லாம் புல்லும் வானமும்தான். பக்கத்தில் நிற்கிறது என்று நினைத்து எழுந்தால் மான் முந்நூறு கஜத்துக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்க்கும். ஊரில் பெரிய வேட்டைக்காரன் என்று மீசையை முறுக்குகிற ஆட்களெல்லாம் இந்த விஷயத்தில் கோட்டை விட்டவர்கள்தான். வெல்டா மட்டும் விட்டதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் தன் பெண்டாட்டி சொன்ன தூரம் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று ஹார்லன் சொல்லிக்கொண்டு திரிவான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். ஆனாலும் அதில் பெரும்பகுதி உண்மை.

ஹார்லனுக்கு அறுபத்தொன்பது வயது, வெல்டாவுக்கு அறுபத்தேழு. வேட்டையில் அவர்களுக்குள் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. மெல்லிய பலகையில் மான் உருவமாக வெட்டி, நடுவில் மடக்கும்படி கீல் வைத்து, கம்பில் பொருத்தி, மேலே வர்ணம் தீட்டிய பொய்க்கிடாவை அவள் பிடிப்பாள். வில்லை அவன் பிடிப்பான். செப்டம்பர் வந்தால் அந்தப் பொட்டலில் மேயும் சீமைக் கவைக்கொம்பு மான்களில் கிடாக்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். பெட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு காவல் காக்கும். வேறொரு கிடா கண்ணில் பட்டால் போதும், துரத்தியடிக்க ஓடிவரும். அந்தப் பொறாமையை நம்பித்தான் இந்த வேட்டை. ஊர்ந்து போய் இருநூறு கஜத்துக்குள் சேர்ந்ததும் வெல்டா பொய்க்கிடாவைத் தூக்கி நிறுத்துவாள். அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்திருக்கும் அவனுக்கு ஒன்றும் தெரியாது. பொய்க்கிடாவின் கழுத்திலுள்ள ஓட்டை வழியாக அவள்தான் பார்ப்பாள். ஓடிவந்த கிடா நின்றதும் ஒரே ஒரு எண் சொல்வாள். அவன் நாணை இழுத்துக்கொண்டே பலகையின் மறைவில் பாதி எழுவான். வில்லில் குறி பார்ப்பதற்கு மேலிருந்து கீழாக நாலு ஊசிகள் உண்டு. இருபது கஜத்துக்கு ஒன்று, முப்பதுக்கு ஒன்று, நாற்பதுக்கு, ஐம்பதுக்கு. அவள் சொன்ன எண்ணுக்குரிய ஊசியைக் கிடாவின் மார்புக்கு நேராக வைத்து விட்டுவிடுவான். யோசிக்க நேரம் கிடையாது. யோசிக்க வேண்டிய அவசியமும் அவனுக்கு வந்ததில்லை.

அம்பு போன பிறகும் பொய்க்கிடாவைப் பிடித்தவர் அசையக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அடிபட்ட கிடா, தன்னைக் குத்தியது அந்த வேற்றுக் கிடாதான் என்று எண்ணி அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். மனிதத் தலை தெரிந்துவிட்டாலோ அடுத்த மாவட்டத்தில் போய்த்தான் நிற்கும். அதனால் அடிபட்டதைத் தேடிப் போன ஹார்லன் திரும்பி வந்து போதும் என்று சொல்லும்வரை வெல்டா முழங்காலில் இருந்த இடத்திலேயே இருப்பாள்.

இரண்டு வருஷமாக அவள் தலைக்குள் என்னவோ நழுவிக்கொண்டிருந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு வழி மறந்தது. அஞ்சல் பெட்டிவரை போகிறேன் என்று வண்டியை எடுத்தவள், பதினோரு மைல் தள்ளி ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். சமையலறைத் திரை எரிந்தது. காஸ்பர் நகரத்திலிருந்து மகள் கோரின் வந்து, கரி பிடித்த சுவரைப் பார்த்துவிட்டு மேஜையருகே உட்கார்ந்தாள்.

"அப்பா, டவுன்ல மறதிக்காரங்களப் பாத்துக்கற அந்த இல்லத்துல ஒரு ரூம்தான் காலியாகுது. அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். விட்டா அடுத்த வருஷம்தான்."

"வேட்டை முடியட்டும்."

"என்னது? அடுப்ப அணைக்க மறக்கறவங்களக் கூட்டிட்டு வேட்டைக்குப் போறீங்களா?"

"அடுப்பு வேற, அது வேற. அது அவ உடம்புல ஊறினது." ஹார்லன் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "இப்பச் சொல்றேன் கேட்டுக்கோ. பொய்க்கிடாவைப் பிடிச்சு அவ தூரத்தச் சரியாச் சொல்லிட்டான்னா, இந்த வீட்டுலயேதான் இருப்பா. நீ வாயத் திறக்கக் கூடாது. தப்பாச் சொன்னா, நீ சொல்றபடி நான் கேக்கறேன்."

கோரின் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். "அம்மாவுக்குப் பரீட்சை வைக்கிறீங்க. அது அம்மாவுக்கே தெரியாது."

"தெரிஞ்சா என்னை உதைப்பா."

"ஒரு நிமிஷம்கூட அவங்களத் தனியா விடக் கூடாது. அதுக்குச் சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினான். அந்த நேரத்தில் அவன் எதற்கும் சத்தியம் பண்ணியிருப்பான். நாற்பத்துநாலு வருஷம் பக்கத்தில் படுத்தவள் வேறொரு கூரையின் கீழ், பேர் தெரியாத யாரோ போர்த்திவிடப் படுத்திருப்பாள் என்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பத்தாம் தேதி புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். வெல்டாவுக்கு அது நல்ல நாளாக இருந்தது. வழக்கமாக வேட்டைக்குப் போகும் ஸ்டூபன் பண்ணையின் வாசலைத் தாண்டி பிக்கப் வண்டியை நிறுத்தியதும், முழங்கால் உறைகளைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

"இடது கால் உறைய இந்த வருஷமும் லூசாத்தான் கட்டியிருக்கே. சப்பாத்திக்கள்ளி முள்ளு ஏறினா ராத்திரி பூரா நான்தானே உக்காந்து பிடுங்கணும்."

"நீ பிடுங்குவேன்னுதான் லூசாக் கட்டறேன்."

"வழியாதே. இந்த வயசுல."

ஹார்லனுக்கு மனசு நிறைந்துபோனது. இந்தப் பேச்சைக் கோரின் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தான். வண்டியின் முன்பெட்டிக்குள் தூரம் அளக்கிற கருவி ஒன்று கிடந்தது. கிறிஸ்துமஸுக்குக் கோரின் வாங்கிக் கொடுத்தது, உறைகூடப் பிரிக்கவில்லை. அதை எடுக்கலாமா என்று கை ஒரு தரம் போனது. எடுத்தால் அவளை நம்பவில்லை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஆகும். பெட்டியை மூடினான்.

வில்லோடு இறங்கும்போது வெல்டா சாதாரணமாகக் கேட்டாள். "கோரினுக்கு ஸ்கூல் பஸ் வந்துடுச்சா?"

கோரினுக்கு நாற்பத்திரண்டு வயது. "வந்துடுச்சு" என்றான் ஹார்லன். அந்தக் கேள்வியைக் காதில் வாங்காதவன்போலக் கதவைச் சாத்தினான்.

மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே ஒன்பது பெட்டைகளும் ஒரு கிடாவும் மேய்ந்துகொண்டிருந்தன. கனத்த கொம்புக் கிடா. பெட்டைகளில் ஒன்று நாலடி விலகினாலும் ஓடிப்போய் மடக்கிக் கொண்டுவந்தது. காற்று மேற்கிலிருந்து அடித்தது. வேலியோரப் பள்ளத்தில் இறங்கி, அது முடிந்த இடத்திலிருந்து முழங்காலில் போனார்கள். நானூறு கஜம் போக முக்கால் மணி நேரம் ஆனது. வெல்டா முன்னால் போனாள். பெட்டை தலையைத் தூக்கினால் அவள் நின்றாள், குனிந்தால் நகர்ந்தாள். ஒரு கையில் பொய்க்கிடாவை மடக்கித் தரையோடு இழுத்துக்கொண்டு, புதர் விட்டுப் புதர், கள்ளிக்கு விலகி விலகிப் போனாள். யாரும் அவளுக்கு எதையும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

"ஏ கிழவா" என்று திரும்பாமலே கிசுகிசுத்தாள். "எருமை மாதிரி மூச்சு விடாதே. அதுக்குக் கேக்கும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு புல்லில் முகத்தைப் புதைத்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. இவள் எங்கேயும் போகப் போவதில்லை என்று அந்த நிமிஷத்தில் முழுசாக நம்பினான்.

சேஜ் என்கிற சாம்பல் நிறப் புதர்ச்செடிகள் அடர்ந்த ஒரு மேட்டை ஒட்டி அவள் நின்றாள். பலகையை விரித்து, கம்பை மண்ணில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்து அம்பைப் பூட்டினான். தூரத்தில் கிடா செருமுகிற சத்தம் கேட்டது. பிறகு குளம்புச் சத்தம். வெல்டாவின் தோள் இறுகியது. இத்தனை வருஷத்தில் அவனுக்கு அந்தத் தோளே போதும், கிடா எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். சத்தம் நின்றது.

"இருபத்திரண்டு" என்றாள் வெல்டா.

நாணை இழுத்தபடி எழுந்தான். கிடா குறுக்காக நின்று பொய்க்கிடாவை முறைத்துக்கொண்டிருந்தது. அது இருபத்திரண்டு கஜம் இல்லை. ஹார்லனும் கண் இல்லாதவன் இல்லை. முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும், நாற்பதுகூட இருக்கலாம்.

மூன்றாவது ஊசியை வைத்திருந்தால் கிடா அங்கேயே விழுந்திருக்கும். ஆனால் மூன்றாவது ஊசியை வைப்பது என்றால், வெல்டா தப்பாகச் சொன்னாள் என்று ஒப்புக்கொள்வது. அந்த வீடு, அந்தக் கட்டில், காலையில் அவள் திட்டிக்கொண்டே ஊற்றிக் கொடுக்கிற காப்பி, எல்லாம் அந்த ஊசியோடு போய்விடும். ஒருவேளை தன் கண்தான் பொய் சொல்கிறதோ என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். ஏமாற்றுகிறோம் என்பதும் தெரிந்தே இருந்தது. முதல் ஊசியைக் கிடாவின் மார்பில் வைத்து விட்டான்.

அம்பு இறங்கிப் போய் முன்னங்காலில் அடித்தது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். கிடா துள்ளி விழுந்து எழுந்தது. தொங்குகிற காலோடு கொஞ்ச தூரம் ஓடி, திரும்பிப் பொய்க்கிடாவைப் பார்த்தது. பிறகு வடக்கே, வறண்ட ஓடைப் பக்கமாக மூன்று காலில் போனது.

அடிபட்ட பிராணியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் வேட்டைக்காரன் இல்லை. அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்டவனுக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். ஹார்லனின் கால்கள் தாமாகக் கிளம்பின. கிளம்பும் முன், எப்போதும் செய்வதுபோல அவள் தோளைத் தொட்டான். "பிடிச்சுக்கிட்டு இரு."

"ம்" என்றாள் அவள்.

அவ்வளவுதான். சத்தியத்தை மீறுகிறோம் என்று அவனுக்குத் தோன்றக்கூட இல்லை.

கிடா ஒன்றரை மைல் இழுத்தடித்தது. ஒரு தரம் படுத்தது. அறுபது கஜம்வரை ஊர்ந்து போனான், எழுந்து போய்விட்டது. ரத்தம் புல் நுனிகளில் காசளவு காசளவாகக் கிடந்தது. இரண்டாவது தரம் ஓடைக்குள் கரையோரம் படுத்தது. காற்றைப் பார்த்துச் சுற்றி வளைத்து, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு இறங்கினான். கள்ளி முள் உள்ளங்காலில் ஏறியது. கால்விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்தான். கடைசிப் பதினைந்து கஜத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிடா அவனைப் பார்த்தது. எழுந்திருக்க ஒரு தரம் முயன்றது. இரண்டாவது அம்பு சரியான இடத்தில் போனது.

பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தில் கையை வைத்தான். "மன்னிச்சுடு. உன்மேல தப்பே இல்ல" என்றான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. வாழ்நாளில் எத்தனையோ மானை அடித்திருக்கிறான், இப்படி வெட்கப்பட்டதில்லை.

உச்சி வெயில் ஏறியிருந்தது. இந்த மானின் கறி வெயிலுக்குத் தாங்காது. உடனே பிரித்துக் காற்றாட வைத்து, ஐஸில் போடாவிட்டால் சாயங்காலத்துக்குள் நாற ஆரம்பித்துவிடும். கத்தியை எடுத்தான். வயிற்றைத் திறந்து, தோலை உரித்து, தொடையையும் சப்பையையும் பிரித்துத் துணிப்பைகளில் கட்டி, கரை நிழலில் வைத்தான். இனி பிக்கப்பை ஓடை முனைவரை கொண்டுவர வேண்டும், பின்னால் இருக்கிற ஐஸ் பெட்டியில் போட வேண்டும், வெல்டாவிடம் சொல்லி ஈரலை இன்றைக்கே வெங்காயத்தோடு வதக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே கத்தியைப் புல்லில் துடைத்தான்.

வெல்டா என்று நினைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அவன் விட்டுவிட்டு வந்தது பழைய வெல்டாவை. தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிற, அலுத்துப்போனால் வண்டிக்குப் போய்க் கால் நீட்டிக்கொள்கிற வெல்டாவை. அந்த வெல்டா மேட்டில் இல்லை. இப்போது அங்கே இருப்பவளுக்குத் தண்ணீர்ப் புட்டியை யாராவது கையில் கொடுக்க வேண்டும். அது அவன் முதுகில் தொங்கியது.

பூட்ஸைத் தேடவில்லை. ஓடினான். அறுபத்தொன்பது வயதில் ஓட்டம் என்று சொல்ல முடியாது. விழுந்தான், எழுந்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், மறுபடி ஓடினான். நாலு திசையும் திறந்து கிடக்கிற வெளி. அவள் நடக்க ஆரம்பித்திருந்தால் எந்தத் திசையில் என்று எதை வைத்துத் தேடுவது? கடவுளே, கடவுளே என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசி ஏற்றத்தில் ஏறிப் பார்த்தபோது பொய்க்கிடா நின்ற இடத்திலேயே நின்றது.

அவள் அதற்குப் பின்னால் முழங்காலில் இருந்தாள்.

தொப்பி காற்றில் போயிருந்தது. முகமும் கழுத்தும் சிவந்து வெந்திருந்தன. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கால்சட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. கம்பைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் விறைத்துப்போயிருந்தன. கண் மட்டும் ஓட்டையை விட்டு விலகவில்லை.

"வெல்டா. போதும்."

"ஷ்" என்றாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "அசையாதே. நிக்குது. இருபத்திரண்டு."

எதிரே புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. ஹார்லன் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். கம்பிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்; அவை தாமாகத் திறக்கவில்லை. தலையைத் தாங்கிக்கொண்டு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டான். அவள் விழுங்கினாள், இருமினாள், மறுபடி விழுங்கினாள். வெகுநேரத்துக்குப் பிறகு அவனை அடையாளம் கண்டவள்போலப் பார்த்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஓடைக்குள்ள கிடக்கு."

"ஒரே அம்பா?"

"ஒரே அம்பு."

"அப்புறம் ஏன் அழறே?"

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தான். முழங்கால் நிமிராததால் அவளால் நிற்க முடியவில்லை. முதுகில் சுமந்துகொண்டு போனான். முன்பெல்லாம் மானைத்தான் அப்படிச் சுமப்பான். நாலு இடத்தில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினான். வண்டியில் உட்கார வைத்துக் குளிர்காற்றைத் திறந்துவிட்டு, ஈரத் துணியை அவள் கழுத்தில் சுற்றிக் கட்டினான். ஐஸைத் துணியில் முடிந்து முழங்கால்களில் வைத்தான். பிறகு கோரினைக் கூப்பிட்டான்.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். அம்மா சரியாகச் சொன்னாள், கிடா விழுந்தது, சாட்சிக்குக் கறி இருக்கிறது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஃபோனில் மகளின் குரல் கேட்டதும் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"எப்படிப்பா போச்சு?"

"தப்பாச் சொன்னா" என்றான். "தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுது கோரின். தெரிஞ்சேதான் விட்டேன். கிடாவுக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு. அதைத் தொரத்திக்கிட்டுப் போய் மூணரை மணி நேரம் உங்கம்மாவ வெயில்ல விட்டுட்டேன். மறந்துட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "அவ அசையவே இல்லம்மா. இருன்னு சொன்னேன், அப்படியே இருந்தா. மறந்தது நான்தான். அந்த ரூமை எடுத்துடு."

"நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள் கோரின். அழுகிறாள் என்று தெரிந்தது. "நானும் கிளம்பறேன். அப்பா, மெதுவா ஓட்டுங்க."

ஃபோனை வைத்தான். வெல்டா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தான்.

"எத்தனை இருந்துது?" என்று கேட்டாள்.

"என்ன எத்தனை?"

"தூரம்."

ஹார்லன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முப்பத்தெட்டு இருக்கும்."

அவள் கண்ணைத் திறந்தாள். கோபம் எதுவும் இல்லை. "நான் தப்பாச் சொன்னா, தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே கிழவா. நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?" வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். "பாவம், அந்த வாயில்லாத ஜீவன் கால ஒடச்சிருக்கே."

இரண்டு வருஷமாக அவளுக்காக என்று நினைத்து அவன் மூடி மறைத்ததெல்லாம், சொல்லாமல் விழுங்கியதெல்லாம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று இப்போது புரிந்தது. அவளோடு சேர்ந்து பயந்திருக்கலாம். அவளைத் தனியாகப் பயப்பட விட்டுவிட்டான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். வெல்டா மரத்துப்போன விரல்களால் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எதற்காகத் தட்டுகிறோம் என்பது அவளுக்கு மறந்துபோனதுபோலக் கை நின்றது.

"வண்டிய எடு" என்றாள். "கறி வெயில்ல கிடக்கு."

வண்டியை எடுத்தான். பண்ணை வாசலுக்கு வந்து தெற்கே, ஆஸ்பத்திரி இருக்கிற டவுன் சாலையில் திருப்பினான்.

"ஓடை அந்தப் பக்கம்" என்றாள் வெல்டா.

"தெரியும்" என்றான் ஹார்லன்.